முந்நீரும் தொட்டிநீரும்: கடல்மீன் வளர்ப்பில் நீர்த்தேர்வு

கடலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஆழி, பரவை, பௌவம், புணரி, வாரி என நீளும் அவ்வரிசையில் முந்நீர் என்னும் சொல் தனித்து நிற்பது. அதற்கு உரையாசிரியர்கள் இருவகையாகப் பொருள் கூறியுள்ளனர். நிலத்தைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முச்செயலும் உடைமையால் முந்நீர் என்பது ஒன்று. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூவகை நீரும் வந்து கூடுதலால் முந்நீர் என்பது மற்றொன்று. இவற்றுள் எது சொற்பிறப்புக்கு இயைவது என்பதைத் தமிழாசிரியர்கள் ஆராய்வார்களாக. இக்கட்டுரைக்கு வேண்டுவது இரண்டாம் பொருளே. ஏனெனில், வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ முதன்முதலாகக் கடல்மீன் தொட்டி அமைக்க விரும்பும் ஒருவர்முன் அந்த மூவகை நீரும், அவை சென்று கலந்த கடல்நீரும் ஆக நால்வகை நீர் நிற்கின்றன. அவற்றுள் எதனை எடுப்பது, எவ்வாறு திருத்தி எடுப்பது என்பதே வினா.

நன்னீர் மீன் வளர்ப்பு நம்மிடையே புதிதன்று. தங்கமீனும் கப்பியும் வளராத தெரு அரிது. அவ்வளர்ப்பில் பழகியவர் கடல்மீன் தொட்டிக்கு வரும்போது பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். குளத்து மீன் மாறும் நீரில் பிறந்தது. கோடையில் நீர் சுண்டும், மழையில் பெருகும், கலங்கும், தெளியும். அம்மாற்றங்களைத் தாங்கும் உடலமைப்பு அதற்கு உண்டு. பவளப்பாறையைச் சார்ந்த மீனோ ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாத உப்பளவும் வெப்பமும் உள்ள நீரில் வாழ்வது. மேலும், கடைகளில் விற்கப்படும் நன்னீர் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை இன்றும் கடலிலே பிடிக்கப்படுபவை. தொட்டியில் ஒரு மீன் இறந்தால், அதன் இடத்தை நிரப்பப் பாறையிலிருந்து மற்றொரு மீன் எடுக்கப்படுகிறது என்பதே அதன் பொருள். ஆகவே நீரைத் தேர்ந்தெடுத்தல் வளர்ப்பவரின் வசதியை மட்டும் பற்றிய செய்தியன்று. ஆயினும் தொட்டியின் அளவு, விளக்கு, மீனின் நிறம் ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் எண்ணுவோர் நீரைப் பற்றி எண்ணுவது ஒரு மாலைப்பொழுதே.

உப்புநீர் வேறு, கடல்நீர் வேறு

கடல்நீர் என்பது உப்புக் கரைந்த நீர்தானே, சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினால் போதாதா என்று மாணவர் பலர் கேட்பதுண்டு. கேட்கத்தக்க வினாவே அது. அதற்குரிய விடை தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் ஆகிய ஊர்களின் உப்பளங்களில் இருக்கிறது.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம், சல்பேட்டு 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராம். பைகார்பனேட்டு, புரோமைடு, போரான், ஸ்ட்ரான்சியம் முதலியன மிகச் சிறிய அளவில் உள்ளன. உப்பளத்தில் இந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே சமையல் உப்பு விளைகிறது. மக்னீசியம் உப்புகளோ இறுதிவரை கரைந்தே நின்று கசப்புநீராக எஞ்சுகின்றன. அந்நீரை வடித்துவிடுவர். உப்பளத் தொழிலின் திறமே இவ்வாறு பிறவற்றை விலக்கிச் சமையல் உப்பை மட்டும் எடுப்பதில் அடங்கியுள்ளது. விலக்கி எடுத்த ஒன்றை மீண்டும் நீரில் கரைத்தால் விலக்கப்பட்டவை திரும்பி வாரா. சமையல் உப்பில் அயோடின் சேர்த்திருப்பதே குறை என்று சிலர் கருதுவர். அது பெரிய குறையன்று. அதில் இல்லாதனவே குறை.

இல்லாத பொருள்களால் நேரும் கேடு யாது? கடலில் வாழும் எலும்பு மீன்கள் இடையறாது கடல்நீரைக் குடித்து, வேண்டாத உப்புகளைச் செவுள் வழியாகவும் சிறுநீரகம் வழியாகவும் வெளியேற்றி வாழ்கின்றன. அவ்வுடலியக்கம் முழுவதும் குறிப்பிட்ட விகிதமுள்ள நீரை ஒட்டி அமைந்தது. சிப்பியும் நத்தையும் ஓடு கட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். நீரின் காரத்தன்மை 8.1 முதல் 8.4 வரையிலான பி.எச். அளவில் நிலைப்பதற்குப் பைகார்பனேட்டு வேண்டும். இவையின்றி வெறும் சோடியம் குளோரைடு மட்டும் கரைந்த நீர் நாவுக்குக் கடல்நீர்போல் கரிக்கலாம். உயிருக்கு அது வேறொரு நீரே.

இவ்வுண்மையை மேனாட்டார் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1846ஆம் ஆண்டு டார்க்கிக் கடற்கரையிலிருந்து கல்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். கடல்நீரைக் கரையிலிருந்து வருவித்து, திறந்த சன்னலருகே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றச் செய்தார். இன்று சிறு மின்விசைக் காற்றேற்றி செய்யும் வேலையை அன்று பணிப்பெண்ணின் கைகள் செய்தன. கடற்கரையிலிருந்து நகரத்துக்கு நீரைச் சுமக்கும் அல்லல் கருதி, பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையியலறிஞர் 1854ஆம் ஆண்டு செயற்கைக் கடல்நீருக்கு ஒரு முறை வகுத்து வெளியிட்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கும் அதில் இடம்பெற்றன. இன்றைய நோக்கில் அது முழுமையுடையதன்று. எனினும் சமையல் உப்பு மட்டும் போதாது என்னும் தெளிவு அதில் உண்டு. பின்னர் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் திரட்டிய நீர்களுள் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்னும் வேதியியலறிஞர் பகுத்தாய்ந்து 1884ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு வேறுபடினும், பெருங்கூறுகள் தம்முள் கொண்டுள்ள விகிதம் மாறுவதில்லை என்பது அதனால் உறுதிப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்புக் கலவைக்கு அவ்விகிதமே அடிப்படை.

கரையிலிருந்து எடுக்கும் நீர்

இத்தனை தொல்லை எதற்கு, கடலிலிருந்தே நீரை எடுத்தால் ஆகாதா என்பது அடுத்த வினா. கடற்கரை மாவட்டத்தார் கேட்கும்போது இதனைப் புறந்தள்ள இயலாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டனின் எண்ணத்தில் உருவாகி, 1909ஆம் ஆண்டு மெரினாக் கரையில் அமைந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்ட மீன்காட்சியகம் நம் நாட்டின் தொடக்ககால மீன்காட்சியகங்களுள் ஒன்று. கடலின் விளிம்பிலேயே அது நின்றது. ஆனால் அன்றைய கரை வேறு, இன்றைய கரை வேறு. கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்க்கும் கழிவை அறிந்த எவரும் அவற்றின் முகத்துவாரங்களை ஒட்டிய நீரை மீனுக்கு ஊற்றத் துணியார். துறைமுகங்களை அடுத்த நீரில் எண்ணெயும், கப்பலின் அடிப்புறத்தில் பூசும் செம்புக் கலப்புள்ள வண்ணத்தின் கசிவும் இருக்கும்.

கழிவில்லாத கரையிலும் பருவம் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போதும் அதனை அடுத்த வாரங்களிலும் சோழமண்டலக் கரையின் மேல்நீர் உப்புக் குறைந்து காணப்படும். உள்ளூர் ஆறுகள் மட்டும் அதற்குக் காரணமல்ல. வங்கக் கடலின் வடபகுதியில் பேராறுகள் கொட்டிய நன்னீரைக் கரையோர நீரோட்டம் அக்காலத்தில் தெற்கு நோக்கிச் சுமந்துவருகிறது. 35 என்று நாம் எண்ணிய உப்பளவு 30க்கும் கீழே இறங்குவதுண்டு. சித்திரையில் எடுத்த நீரும் கார்த்திகையில் எடுத்த நீரும் ஒரே கரையின் நீராயினும் ஒன்றல்ல.

இன்னொரு செய்தி பலர் அறியாதது. கடல்நீர் உயிருள்ள நீர். ஒரு குவளை நீரில் கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்கள் எண்ணிலடங்காதவை. மூடிய கலத்தில் அடைத்து வெயிலில் நெடுந்தொலைவு கொண்டுவரும்போது அவை மடிந்து அழுகி, நீரிலுள்ள உயிர்வளியை உண்டு, அம்மோனியாவை விடுகின்றன. கரையில் பளிங்குபோல் தெளிந்திருந்த நீர் வீடு வந்து சேர்வதற்குள் நாறுவதற்குக் காரணம் இதுவே. அந்நீரை உடனே தொட்டியில் ஊற்றுதல் கூடாது.

ஆகவே கடல்நீரையே கொள்வோர், ஆற்றுமுகமும் துறைமுகமும் இல்லாத இடத்தில், மழையில்லாத நாளில், ஓதம் ஏறியிருக்கும் வேளையில், இயன்றால் படகில் சற்று உள்ளே சென்று எடுத்தல் நன்று. உணவுப்பொருளுக்கு உகந்த நெகிழிக் கலங்களே ஏற்றவை. இரும்பு, பித்தளைக் கலங்கள் ஆகா. அடர்ந்த துணியில் வடிகட்டி, ஒளிபுகாமல் மூடி, காற்றேற்றிக்கொண்டே இரண்டு மூன்று வாரம் வைத்தால் அழியவேண்டியவை அழிந்து அடியில் படியும். மேல்நீரை மட்டும் மெல்ல வடித்தெடுக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இறால் குஞ்சு பொரிப்பகங்களில் மணற்படுகையில் வடித்து, குளோரினிட்டு, பின் அக்குளோரினையும் போக்கிய கடல்நீரைப் பயன்படுத்துவர். அத்தகைய இடத்தில் நீர் பெற முடிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

எனினும் 100 லிட்டர் கடல்நீரின் எடை நூறு கிலோவுக்கும் மேற்பட்டது. முதல் முறை நண்பர்கள் கூடிச் சுமந்துவிடலாம். மாதந்தோறும் சுமப்பார் யார்? திருச்சிக்கும் வாணியம்பாடிக்கும் இவ்வழி இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஆறும் ஊற்றும் மழையும்

இனி முந்நீரின் மூன்று கூறுகளுக்கு வருவோம். செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதற்கு நன்னீர் வேண்டும். அந்நன்னீர் எங்கிருந்து வருவது?

நகராட்சிக் குழாய்நீர் பெரும்பாலும் ஆற்றிலோ ஏரியிலோ எடுத்துத் தூய்மை செய்யப்பட்டது. அதில் கிருமி கொல்லும் பொருட்டுக் குளோரின் கலந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மக்களுக்கு அது காப்பு. மீனின் செவுளுக்கு நஞ்சு. ஒருநாள் முழுதும் காற்றேற்றினால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு உடனே நீக்கும். மூலநீரில் அம்மோனியா இருந்து குளோரினோடு கூடிக் குளோரமைன் ஆகிவிட்டால் வெறும் காற்றேற்றம் பயன்படாது. குளோரினைப் போக்குவதுடன் குழாய்நீர்க்குரிய கவலை தீர்ந்தது என்று நன்னீர் மீன் வளர்ப்போர் எண்ணுவர். அவர்களுக்கு அது போதும். கடல் தொட்டிக்கோ அதன்பின்னும் நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சிலிகேட்டு ஆகியவை எஞ்சுகின்றன. புதுத்தொட்டியின் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பு நிறப் பாசி படர்ந்து மனத்தைச் சோர்வுறச் செய்வதற்குச் சிலிகேட்டு ஒரு காரணம்.

கிணற்றுநீரும் ஆழ்குழாய் நீரும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேறுபடுவன. கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடின நீரில் உப்புக் கலவையைக் கரைத்தால், கணக்கிட்டுச் சேர்த்த விகிதம் கெட்டு வெண்படிவு உண்டாகும். உரமிட்ட வயலுக்கும் கழிவுத்தொட்டிக்கும் அருகிலுள்ள கிணறுகளில் நைட்ரேட்டு மிகும். கடற்கரையோர ஆழ்குழாயில் உவர்நீர் வருவதைக் கண்டு, இதுவும் கடல்நீரே என்று மகிழ்வோர் உளர். நிலத்தடியில் மண்ணோடும் பாறையோடும் உறவாடிய உவர்நீர் தன் விகிதத்தை இழந்திருக்கும். இரும்பும் வேறு உலோகங்களும் ஏறியிருக்கும். உயிர்வளியோ மிகக் குறைவு. பகுத்தாய்ந்து பாராமல் அதனை நம்புதல் தகாது.

மூன்றனுள் தூயது மழைநீர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் கூரைநீரைத் தேக்கும் அமைப்பு பல வீடுகளில் உண்டு. முதல் மழையையும், ஒவ்வொரு மழையின் முதல் சில நிமிட நீரையும் ஒதுக்கிவிட்டு, அதன்பின் வருவதைப் பிடித்துக் கரிவடிப்பானில் வடித்தால் ஓரளவு பயன்படும். ஆயினும் நீர் தூயதாய் இருந்து பயனென்ன, கூரை தூயதாய் இருத்தல் வேண்டுமே! துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் துத்தநாகமும், பறவைகள் தங்கும் மாடியில் எச்சத்தின் பாஸ்பேட்டும் கலந்துவிடும். நகரப் புகையும் தூசியும் கூடுதல்.

குளிர்பதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துப் பயன்படுத்தலாமே என்று ஒரு கருத்து அண்மைக்காலமாகப் பேசப்படுகிறது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய நீர்தான். ஆனால் செம்புக் குழாய்களின்மீதும் அலுமினியத் தகடுகளின்மீதும் வழிந்து வருவது. இறால், நண்டு, நத்தை, கடற்சாமந்தி போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலும் நஞ்சு. அந்நீர் செடிக்கு ஆகலாம், தொட்டிக்கு ஆகாது.

சவ்வின் வழியே

எஞ்சியிருப்பது எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீர். ஆர்.ஓ. நீர் என்று இன்று சிற்றூரிலும் வழங்குவது இதுவே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் 1959ஆம் ஆண்டளவில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட்டுச் சவ்வே இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவர்தம் நோக்கம் கடல்நீரை நன்னீராக்குவது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010ஆம் ஆண்டிலும் தெற்கே நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும் தொடங்கிய நிலையங்கள் அந்நோக்கத்தையே நிறைவேற்றுகின்றன. கடலை நன்னீராக்கப் பிறந்த சவ்வைக்கொண்டு நாம் நன்னீரைக் கடலாக்க முனைவது ஒரு விந்தை.

அழுத்தத்தோடு செலுத்திய நீரில் கரைந்துள்ளவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கை இச்சவ்வு தடுத்துவிடும். எஞ்சிய சிறு பங்கை அயனி மாற்றப் பிசின் நிரப்பிய குழலொன்று கவர்ந்துகொள்ளும். இவ்விரண்டையும் கடந்து வரும் நீரே கடல் தொட்டிக்கு மிகப் பொருத்தமானது. கரைந்த பொருளளவு காட்டும் டி.டி.எஸ். கருவியில் அது சுழியத்தை ஒட்டி நிற்கும். குழாய்நீரில் அதே கருவி 300 என்று காட்டினால் அந்த 300இல் எது எவ்வளவு என்பதை அது சொல்லாது. மீன் வளர்ப்போர்க்கு வேண்டிய செய்தியோ அதுதான். ஏதுமில்லாத நீரில் நாம் அறிந்து சேர்ப்பது மட்டுமே இருக்கும் என்பதே இதன் சிறப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் சமையலறைகளில் மாட்டியுள்ள ஆர்.ஓ. கருவிகள் மனிதர் குடிப்பதற்காக அமைந்தவை. சுவைக்காகவும் உடல்நலத்துக்காகவும் வடித்த நீரோடு ஒரு பங்கு வடிக்காத நீரைத் திரும்பக் கலக்கும் திருகு பலவற்றில் உண்டு. சிலவற்றில் கனிமம் சேர்க்கும் குழலும் உண்டு. அவற்றைக் கடந்து வரும் நீரை ஆர்.ஓ. நீர் என்னும் பெயரை நம்பி ஊற்றினால் பயனில்லை. சவ்விலிருந்து நேரே வரும் குழாயில் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கூறினால் சில நிமிடங்களில் அமைத்துத் தருவார். விற்பனைக்கு வரும் ‘கேன்’ நீரும் பெரும்பாலும் கனிமம் சேர்த்ததே. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். வேறு வழியில்லாத நாளில் டி.டி.எஸ். கருவியால் பார்த்துவிட்டுக் கொள்ளலாம். மின்கலத்துக்கு விற்கும் நீரை, அதன் கலமும் வழியும் எத்தகையன என்று அறியாத நிலையில், தவிர்த்தலே நன்று.

நாள்தோறும் ஊற்றும் நீர்

தொடக்கநிலையாளர் பலர் நீர்த்தேர்வை முதல்நாள் வேலை என்று கருதுகின்றனர். உண்மையில் அது நாள்தோறும் செய்யும் தேர்வு. கடற்கரையிலிருந்து நல்ல கடல்நீரே கொணர்ந்து நிரப்பியவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. நம் வெப்பத்தில் தொட்டிநீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகையால் குறைந்த அளவை ஈடுசெய்ய ஊற்றவேண்டியது நன்னீர், உப்புநீரன்று. உப்புநீரை ஊற்றி ஊற்றி உப்பளவை உயர்த்தி மீனை இழந்தவர் பலர்.

அவ்வாறு ஊற்றும் நன்னீரில் என்ன இருக்கிறதோ அது தங்கிவிடும். ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். வாரத்துக்கு 14 லிட்டர் ஆயிற்று. வாரந்தோறும் 10 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புது உப்புநீர் ஊற்றுவதாகவும் கொள்வோம். இரண்டுக்கும் குழாய்நீரே என்றும், அதில் குடிநீருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட உச்ச அளவாகிய லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட்டு உள்ளது என்றும் வைத்துக்கொண்டால், வாரந்தோறும் 24 லிட்டர் நீர்வழி 1080 மி.கி. நைட்ரேட்டு தொட்டிக்குள் வருகிறது. வெளியேறும் வழி அந்த 10 லிட்டர் மட்டுமே. வரவும் செலவும் சமமாக வேண்டுமானால் தொட்டியில் லிட்டருக்கு 108 மி.கி. இருந்தாக வேண்டும். மீன் ஒன்றுகூட விடாத நிலையில், தீனி ஒரு துகளும் இடாத நிலையில், சட்டப்படி குடிக்கத்தக்க நீரினால் மட்டும் வந்து நிற்கும் அளவு இது. மீன் மட்டும் வளர்ப்போர் 20 மி.கி.க்குள் இருத்தலையே விரும்புவர். இக்கணக்கில் ஒளிந்திருக்கும் செய்தி, நீர் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்னும் பொதுவான அறிவுரை, மாற்றும் நீரைப் பொறுத்தே உண்மையாகும் என்பது.

கடலிலும் இதுவே நடக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. ஆறுகள் ஊழிக்கணக்கில் உப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நீர் மேலே செல்கிறது. உப்பு கீழே நிற்கிறது. ஆனால் கடலுக்குச் செலவு வழிகள் உண்டு. கால்சியத்தை ஓடும் பவளமும் எடுத்துக்கொள்கின்றன. சிலிகேட்டை நுண்பாசிகள் எடுத்து அடியில் படிகின்றன. சேறும் எரிமலைப் பாறையும் மற்றவற்றை ஏற்கின்றன. கண்ணாடித் தொட்டிக்கு வளர்ப்பவரின் கைவாளியே செலவு வழி.

தூய நீருக்கும் ஒரு விலை உண்டு. வீட்டுச் சவ்வுக் கருவி ஒரு லிட்டர் வடிக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். மேற்சொன்ன 24 லிட்டருக்கு வாரந்தோறும் 72 லிட்டர்வரை கழிவு. 2019ஆம் ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் சுமந்து சென்னைக்குக் கொண்டுவந்த கோடையை மறக்கலாகாது. கழியும் நீரைத் தளம் கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்த வழி செய்த பின்னரே தொட்டியை நிறுவுதல் பொறுப்புடைய செயல். 400 லிட்டர்த் தொட்டிக்கு ஆசைப்படுவோர் இப்பெருக்கலை முன்னரே செய்து பார்ப்பது நல்லது. மிகச் சிறிய தொட்டியும் ஏற்றதன்று. நீர் குறையக் குறைய உப்பளவு விரைந்து மாறும். முதல் தொட்டிக்கு 100 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு நடுநிலையாகத் தோன்றுகிறது.

கலக்கும் முறை

ஆகவே உள்நாட்டார்க்கும், நகரத்தார்க்கும், தூய கரை அருகில் வாய்க்காத பிறர்க்கும் யான் பரிந்துரைப்பது சவ்வும் பிசினும் கடந்த நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துக்கொள்வதே. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரையோர மாணவர் கடல்நீரையே கொள்ளலாம். ஈடுசெய்யும் நன்னீருக்கு மட்டும் ஒரு சிறு சவ்வுக் கருவி அவர்க்கும் வேண்டும்.

கரைப்பதைத் தனிக் கலத்தில் செய்தல் வேண்டும். உயிருள்ள தொட்டிக்குள் உப்பைக் கொட்டுதல் கூடாது. நீரை முதலில் நிரப்பி, சிறு நீரேற்றியால் சுழலவிட்டு, அதில் உப்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் செறிவு மிகுந்த இடத்தில் கால்சியம் கார்பனேட்டாய்ப் படிந்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம்வரை உப்பு பிடிக்கும். பொட்டலத்தில் உள்ள அளவைக் கண்டு, அளவியால் உறுதி செய்தல் வேண்டும். ஒப்படர்த்தி 1.023க்கும் 1.026க்கும் இடையே நிற்க வேண்டும். ஒருநாள் முழுதும் சுழன்றபின், வெப்பமும் தொட்டியின் வெப்பத்தோடு ஒத்திருக்கக் கண்டு, பயன்படுத்தலாம்.

நீர் நன்றாய் அமைந்த அன்றே மீன் வாங்க ஓடுதல் வேண்டா. மீனின் கழிவாகிய அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரே ஊற்றினும் இக்காத்திருப்பு உண்டு. அவை நீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டி வாழ்வனவே மிகுதி.

தொட்டியில் எவ்வுயிரை வைப்பது என்பது தனிக்கட்டுரைக்குரியது. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரையும் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கோமாளிமீன்களைக் காப்பகத்தில் இனம்பெருக்கும் முறை மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் செய்து காட்டப்பட்டுள்ளது. அவ்வாறு காப்பகத்தில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குதல் தொடக்கநிலையாளர்க்கு எளிது. தொட்டிநீரிலேயே பிறந்து பழகியது அது.

மாற்றியெடுத்த பழைய உப்புநீரைத் தோட்டத்திலும் கிணற்றருகிலும் கொட்டாமல் கழிவுநீர்க் குழாயில் விடுதல் வேண்டும். தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடிட்டு வைத்து, நாள்தோறும் காலையில் அக்கோடுவரை தூய நன்னீரை ஊற்றி, ஊற்றிய அளவை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், கோடைக்கும் மழைக்கும் தொட்டி குடிக்கும் நீரின் கணக்கு ஓராண்டில் தெளிவாகிவிடும்.